கண் சக்கரம்

கேமரா செய்கிறவர்கள் யாரும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் நின்றிருக்கவே மாட்டார்கள் என்பது சிரிங்கண்ணனின் தீர்மானமான கட்சி. நின்றிருந்தால், படத்தைப் பார்க்கிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே படத்தை அழிக்கிற பொத்தானை, அதே அளவில், அதே வழவழப்பில் வைப்பார்களா? படம் பதிகிற கார்டு இல்லாமலே சுட்டுத் தள்ளுகிற கேமராவை மனுஷனிடம் விற்பார்களா? ஒரு பிறந்தநாள் விழாவில் முழுசாக இருபது நிமிஷம் கார்டு போடாமல் படமெடுத்துவிட்டு, கேக்கெல்லாம் வெட்டி முடித்த பிறகு அதைக் கண்டுபிடித்து, அந்தக் குடும்பத்தை மறுபடி வரிசையில் நிறுத்தி, கேக்கைத் திருப்பி வைத்து வெட்டாத பக்கத்தை வெட்டச் சொன்ன ஆள் அவர். அப்படிச் சுடாமல் தடுப்பதற்கு ஒரு வசதி இருக்கிறதாம். எங்கே? மெனுவில் ஆறாம் பக்கம், கடைசி வரி. அதையும் அணைத்து வைத்தே விற்பார்களாம். "வாசக்கதவத் திறந்து போட்டுட்டு, பூட்டைக் கொண்டுபோய்ப் பரண்ல ஒளிச்சு வச்ச மாதிரி" என்பார்.

சிரிங்கண்ணன் என்பது அவர் பெயரில்லை. இருபத்தைந்து வருஷமாக எதிரில் நிற்கிறவர்களைப் பார்த்து "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லித் தெருவே வைத்த பட்டம். சொல்கிறவர் சிரித்துத்தான் யாரும் பார்த்ததில்லை. வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. அவர் படமெடுப்பார். மனைவி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைத் தரம் பிரித்து ஆல்பம் போடுவாள். ஒவ்வொரு படத்தின் மூலையையும் கத்தரிக்கோலால் உருட்டி வெட்டித்தான் ஒட்டுவாள். சதுர மூலை என்றால் நாலு நாளில் உரிந்து எழுந்துகொள்ளும் என்பது அவள் கண்டுபிடிப்பு. "இவ கையில குடுத்தா மேஜைக்கும் மூலையை வெட்டிருவா" என்று அவர் கேலி செய்வார்.

தன் கேமராவுக்கு அவரே வைத்தியம் பார்த்து வைத்திருந்தார். பைக்குள் போட்டதும் தானாகத் திரும்பிக்கொள்கிற மேல் திருகுக்கு ஒரு கறுப்பு டேப். உள்ளங்கை பட்டாலே திறந்துகொள்கிற கார்டு கதவுக்கு ஒரு டேப். அழிக்கிற பொத்தான்மேல் ஒரு சொட்டுப் பசை, காய்ந்து கல்லாகி, தொட்டதும் கட்டைவிரல் பயந்து விலகுகிற மாதிரி. இதெல்லாம் போக, கண் வைத்துப் பார்க்கிற துளைக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் ஒரு சின்னச் சக்கரம். மூக்குக்கண்ணாடிக்கு நம்பர் இருக்கிற மாதிரி, பார்க்கிறவரின் கண்ணுக்குத் தக்கபடி துளைக்குள் தெரிவதைத் தெளிவாக்கிக்கொள்வதற்கு அது. ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் அப்புறம் தொடவே வேண்டாம். ஆனால் அதற்குப் பூட்டும் கிடையாது, கோடும் கிடையாது, எண்ணும் கிடையாது. சட்டைப் பொத்தான் உரசினால் போதும், நகர்ந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்பே அதைத் தன் கண்ணுக்குச் சரியாக வைத்து, பிளேடால் சதுரமாக நறுக்கிய டேப்பை மேலே ஒட்டிவிட்டார். ஒட்டின கையோடு அதை மறந்தும்விட்டார். வினையே அங்கேதான் பிடித்தது.

இரண்டு மாதமாகத் துளைக்குள் எல்லாம் மங்கல். முதலில் துளையைத் துடைத்தார். லென்ஸைத் துடைத்தார். லென்ஸையே மாற்றிப் பார்த்தார். மங்கல் மங்கலாகவே இருந்தது. கீழே வரிசையாகத் தெரிகிற எண்கள் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தன. வலது கண்ணை எடுத்துவிட்டு இடது கண்ணை வைத்தார், அதிலும் அப்படியே. சக்கரமோ டேப்புக்குள் பத்திரமாக இருக்கிறது, அது நகர வழியே இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அந்த நினைப்பு வந்த இடத்திலேயே அவர் கேமராவை மூடி வைத்துவிட்டார்.

பயப்படாமல் என்ன செய்வார். அவருடைய அண்ணன் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். ஐம்பதாவது வயதில், சர்க்கரை வியாதியில், ஆறே மாதத்தில் இரண்டு கண்ணையும் பறிகொடுத்துவிட்டு இப்போது தம்பி வீட்டில்தான் இருக்கிறார். சிரிங்கண்ணனுக்கு வயது நாற்பத்தொன்பது. இரண்டு வருஷத்துக்கு முன் ரத்தம் பார்த்தவர்கள், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனில் வருகிற செய்தியைக் கையை நீட்டிப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. தூரத்துப் பலகை தெரிகிறது, கிட்டத்து எழுத்து தெரியவில்லை. அண்ணனுக்கும் கிட்டத்தில்தான் முதலில் போனது. கண் டாக்டரிடம் அவர் போகவில்லை. போனால் சொல்லிவிடுவார்கள். சொல்கிறவரைக்கும் இல்லை என்றே இருந்துவிடலாமே என்று நினைத்தார்.

பட்டமளிப்பு விழாக்கள்தான் அவருக்கு வருஷத்தில் பாதி வேலை. மேடைக்குக் கீழே நிற்க வேண்டும். ஒரு பிள்ளை வரும், சான்றிதழை வாங்கும், இந்தப் பக்கம் திரும்பும், இறங்கிப் போய்விடும். எல்லாம் இரண்டு விநாடி. ஐயோ கண்ணை மூடிட்டியே, இன்னொரு தடவை வா என்று கூப்பிட முடியாது. போன மாதம் நர்சிங் பள்ளி விழாவில், துளைக்குள் தெரிகிற மங்கலைப் பார்த்து, கேமரா தானாக ஃபோகஸ் பிடிப்பதில்தான் கோளாறு என்று சந்தேகப்பட்டு, லென்ஸின் பக்கவாட்டுப் பொத்தானைத் தள்ளிக் கையாலேயே திருகித் திருகி எடுத்தார். நடுவில் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாமென்றால், மேடை விளக்கில் திரை அவர் முகத்தைத்தான் அவருக்குக் காட்டியது. முப்பத்தொரு பேர் போன பிறகு மனசு கேட்காமல் பொத்தானைப் பழைய இடத்துக்கே தள்ளினார். அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் பளிச்சென்று வந்தன. அந்த முப்பத்தொன்றும் போனது போனதுதான்.

அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து பார்த்தது மனைவி. மவுஸ் சத்தம் நின்று போனதைக் கேட்டு அவர் கதவோரம் வந்து நின்றார். லென்ஸ் கோளாறு என்றார். அவள் 'ம்' என்றாள். திட்டியிருந்தாலாவது அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுவாரம் அந்த முப்பத்தொரு பேரில் ஒரு பெண் நேரில் வந்துவிட்டாள். வெள்ளைச் சீருடையோடு, வேலையிலிருந்து நேராக. அவளுடைய அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறாராம், விழாவுக்கு வர முடியவில்லையாம், தினமும் போனில் அந்தப் படத்தையே கேட்கிறாராம். பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தால் ஸ்டூடியோவில் வேறு படம் எடுத்துத் தருவதாகச் சிரிங்கண்ணன் சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டது.

"பரவால்ல அண்ணா. அந்த மேடை வராதுல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த விழா பாலிடெக்னிக்கில், சனிக்கிழமை. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு அண்ணன் வியாழக்கிழமை திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே இவருக்குப் பயமாக இருந்தது. மேஜை விளிம்பைத் தடவி, நாற்காலியைத் தடவி உட்கார்கிற அந்தக் கையைப் பார்த்தால், அடுத்த வருஷம் தானே தடவிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தை உடைத்தார். நாளைய வேலையைப் பாலத்தடி ஸ்டூடியோக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். காலை ஒன்பது மணிக்கு வந்து பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு போவாராம். பாலத்தடிக்காரர் எடுத்த படங்களில் யாருக்கும் கால் இருக்காது என்று பத்து வருஷமாக இவரே பரிகாசம் செய்தவர். மனைவி சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தாள்.

"ஏன்?" என்றாள்.

"இடுப்பு வலி."

"இடுப்பு வலின்னா ஸ்டூல் போட்டு உக்காந்து எடுங்க."

"முடியலைன்னு சொன்னா விடேன்."

அவள் உடனே விடவில்லை. தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் எடுக்கறேன்."

அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தன் நிலைமை அவளுக்குத் தெரிந்துவிட்டது, இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்று பட்டது.

"நானூத்திப் பன்னெண்டு பேரு. ஆல்பத்துக்கு மூலை வெட்டுற வேலைன்னு நெனச்சியா?"

அவள் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் சத்தமாக விழுந்தது. அண்ணன் தன் பாட்டுக்கு இரண்டு வாய் சாப்பிட்டார்.

"கொழம்புல உப்பு கம்மின்னு நெனச்சேன். வீட்டுலயே இல்ல போல" என்றார்.



சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே தூறல். முன்னறை ஈரவாடை அடித்தது. பாலிடெக்னிக் விழா பதினொன்றுக்கு. சிரிங்கண்ணன் எட்டு மணிக்கே பெயர்ப் பட்டியலை ஒரு உறையில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அண்ணன் தரையில் ஒரு துண்டை விரித்து, கேமராவை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை நாள் காலையில் அது அவருடைய வழக்கம். இன்றைக்கு வேலை இல்லையே என்று தம்பி சொன்னதற்கு, கேமராவுக்கு அது தெரியாதே என்றுவிட்டார். காற்றுப் பம்பை அமுக்கித் தூசியை ஊதுவார், துணியின் நுனியை விரலில் சுற்றி இடுக்கில் விடுவார். பொத்தான் செய்தவர்களைத் திட்டுவது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. பன்னிரண்டு பொத்தானுக்கும் ஒரே முகம், ஒன்று குழியாக, ஒன்று மேடாக வைத்தால் அவர்கள் குடியா முழுகிப்போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். நகத்தால் மெதுவாகச் சுரண்டினார்.

"டேய், இந்த டேப்ப எப்ப மாத்துன?"

"எந்த டேப்பு?"

"கண் சக்கரத்து மேல."

"அத மாத்தவே இல்லையே. மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருஷ டேப்புன்னா ஓரத்துல பசை கசிஞ்சு அழுக்கு ஏறியிருக்கும். கார்டு கதவுல அப்படித்தான் இருக்கு. இது புதுசு. வழுவழுன்னு இருக்கு. அதோட, நீ சதுரமாத்தான வெட்டுவ? இதுக்கு மூலை நாலும் உருண்டை."

சிரிங்கண்ணன் எழுந்தார். கேமராவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். கறுப்பு உடம்பில் கறுப்பு டேப், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினார். உருண்டைதான். அந்த வீட்டில் மூலையை உருட்டி வெட்டுகிற கை ஒன்றே ஒன்றுதான். திரும்பிப் பார்த்தார். மனைவி மூன்று டம்ளர் டீயோடு உள்கதவில் நின்றிருந்தாள்.

"நான்தான்" என்றாள்.

அண்ணன் துணியை மடியில் வைத்துவிட்டு முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"மத்தியானம் நீங்க தூங்கறப்ப எடுத்துப் பழகினேன். ரெண்டு மாசமா. கண்ணாடி போட்டுட்டுப் பார்த்தா துளையில இடிக்குது, கழட்டினா ஒண்ணுமே தெரியல. டேப்ப உரிச்சுட்டு அந்தச் சக்கரத்தத் திருப்பினேன், தெரிஞ்சுது. முடிச்சதும் பழைய இடத்துக்கே திருப்பி வச்சு, வேற டேப்பு வெட்டி ஒட்டிருவேன். பழைய இடம்னுதான் நெனச்சேன். அதுல ஒரு கோடு இருக்கா, எண் இருக்கா? குத்துமதிப்பாத்தான் வச்சேன்."

"எதுக்குப் பழகுன?"

அவள் டீயை மேஜைமேல், அந்த உறைக்குப் பக்கத்தில் வைத்தாள். கை ஓய்ந்ததும் குரல் உடைந்துவிட்டது.

"நீங்க போனைக் கைய நீட்டிப் பிடிச்சுப் படிச்சீங்க. பெரியத்தானுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. வீட்டுல இன்னொருத்தருக்காவது இந்த வேலை தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு. சொல்லிட்டுப் பழகினா, உங்களுக்குக் கண்ணு போகப்போகுதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். அதான் சொல்லல."

சிரிங்கண்ணன் டேப்பை நகத்தால் உரித்தார். கண்ணைத் துளையில் வைத்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். எறும்புகள் அசைந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினார். சட்டென்று எண்கள் எண்களாக நின்றன. கேமராவை அப்படியே நிமிர்த்தினார். டம்ளர் விளிம்பில் இருந்த நெளிசல் தெரிந்தது. அதற்கு மேலே மனைவியின் முகம், கண்ணோரத்தில் நின்ற தண்ணீர், நெற்றியில் ஒட்டிய ஒற்றை நரைமுடி, எல்லாம் கழுவி வைத்த மாதிரி தெரிந்தன. கத்த வேண்டும் என்று இருந்தது. இரண்டு மாதம் அவர் பட்ட பாடு, அந்த நர்ஸ் பெண், முப்பத்தொரு படம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கத்தல் தொண்டை வரை வந்தது. வந்தது அழுகையாகப் போய்விடுமோ என்ற பயத்தில் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நின்றார்.

"தெரியுதா?" என்றார் அண்ணன்.

"தெரியுது."

"அப்ப போனை எடு. வந்த செய்தி எதையாவது படி."

"இப்ப எதுக்கு அது?"

"படிடா."

அவர் போனை எடுத்தார். முகத்துக்கு நேரே பிடித்தார். பிறகு அவரறியாமல் கை தள்ளிப் போனது.

"கை நீள்றது எனக்கே கேக்குது" என்றார் அண்ணன். டீயை எடுத்துத் தரச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "கேளு. கண்ணு போன வருஷம் நான் நாலு லென்ஸ் மாத்தினேன். கடிகாரம் பாக்கறதுக்குக் கண்ணுல மாட்டுவனே, அந்த லென்ஸ். ஒவ்வொண்ணா வாங்கறது, மங்கலா இருக்குன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போடறது. நான் லென்ஸ் மேல பழியப் போட்டேன், அது கண்ணு. நீ கண்ணு மேல பழியப் போட்ட, அது சக்கரம். ஆனா டாக்டர்கிட்ட மட்டும் ரெண்டு பேருமே போகல. முதல் மாசமே வந்திருந்தா ஒரு கண்ணையாவது நிறுத்தியிருக்கலாம்னு சொன்னாங்க. இத நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ஆறு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். அண்ணன் இதைத் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

"திங்கக்கிழமை பத்தரைக்கு உங்களுக்கு டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் மனைவி.

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

சக்கரம்தான் காரணம் என்று தெரிந்துபோயிற்றே, இனி எதற்கு டாக்டர் என்று ஒரு மனசு அப்போதும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்தது. மனுஷ மனசுக்குச் சாக்குக் கிடைத்தால் விடுமா.

ஒன்பது மணிக்குப் பாலத்தடிக்காரர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். சிரிங்கண்ணன் அவருக்கு டீ கொடுத்து, இடுப்பு வலி சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார். நேற்று வந்து இன்றைக்குப் போகிற இடுப்பு வலியைப் பற்றிப் பாலத்தடிக்காரர் வாசல் வரைக்கும் சந்தேகமாகவே பேசிக்கொண்டு போனார்.

அவர் போனதும் மனைவி உள்ளேயிருந்து சிவப்பு நகச்சாயக் குப்பியைக் கொண்டுவந்தாள். சக்கரத்தின்மேல் ஊசி முனையால் ஒரு புள்ளி வைத்தாள். சிரிங்கண்ணன் தன் கண்ணுக்குச் சரியான இடத்தில் சக்கரத்தை நிறுத்த, அதற்கு நேராகக் கேமரா உடம்பில் ஒரு புள்ளி. பிறகு அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துளையில் பார்த்துச் சக்கரத்தைத் திருப்ப, அந்த இடத்துக்கு நேராக அவர் இன்னொரு புள்ளி வைத்தார். அவருக்குப் புள்ளி தெரியாததால் அவள்தான் அவர் விரலைப் பிடித்து நகர்த்தினாள். காய்ந்த பிறகு அண்ணன் வாங்கித் தடவிப் பார்த்தார். கேமரா உடம்பில் இரண்டு மேடும் விரலுக்குத் தெரிந்தன.

"ஒண்ணு இவனுக்கு, ஒண்ணு உனக்கு. எனக்கு எங்கம்மா புள்ளி?" என்றார்.

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அப்புறம் அண்ணனே உடம்பு குலுங்கச் சிரித்தார். டம்ளரில் மிச்சமிருந்த டீ துண்டின்மேல் கொட்டியது. சிரிங்கண்ணனுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் உறையிலிருந்த பட்டியலை எடுத்துப் பைக்குள் வைத்தார். மனைவி புடவையை மாற்றிக்கொண்டு, பழகுவதற்கென்று வாங்கித் தையல் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த தன் கார்டையும் எடுத்துக்கொண்டாள்.

பாலிடெக்னிக் கூடத்தில் மின்விசிறிகள் சத்தத்தோடு சுற்றின. நனைந்த குடைகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. முதல் பாதிப் பேரை அவர் எடுத்தார். ஒவ்வொரு முகமும் துளைக்குள் வந்து தெளிவாக நின்றுவிட்டுப் போனது. இருநூற்றாறாவது பிள்ளை இறங்கியதும் சிறப்பு விருந்தினர் யாரோ ஒருவர் பேச எழுந்தார். அந்த இடைவெளியில் சிரிங்கண்ணன் கழுத்துப் பட்டையைக் கழற்றி மனைவியின் கழுத்தில் மாட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் சக்கரத்தைக் காட்டினார். அவள் அதைத் தன் புள்ளிக்குத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சு முடிந்து மறுபடி பெயர்கள் கூப்பிடப்பட்டன. முதல் நாலைந்து பேருக்கு அவள் முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு கை பழகிவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கழுத்தில் ஒன்றும் தொங்காமல் அவர் மேடைக்குக் கீழே நின்றார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கூடத்தின் கடைசிச் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார், படிக்க முடிந்தது. மற்றக் கண்ணைப் பொத்தினார், அதுவும் படிக்க முடிந்தது. பட்டியலை எடுத்து அடுத்த பெயர் என்ன என்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"திங்கக்கிழமை பத்தா, பத்தரையா?"

"பத்தரை" என்றாள், கண்ணை எடுக்காமல்.

"அண்ணனையும் கூட்டிட்டுப் போலாம்."

"சரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கை இடிக்குது."

அவர் ஒரு அடி தள்ளி நின்றார். மேடையில் ஒரு பெண் சான்றிதழை வாங்கிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இந்தப் பக்கம் திரும்பியது.

"சிரிங்க" என்றாள் மனைவி.